மிச்சம் ஒரு யூனிட்

அந்தக் கடலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. முன்பு பஞ்சுக் கிடங்காக இருந்த கட்டடம் அது. நான்கு சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் இருபத்து நான்கு புரொஜெக்டர்கள் சேர்ந்து அலை அடிக்கும். காலுக்கடியில் மீன் கூட்டம் போகும். டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் தரையில் மல்லாந்து படுத்து, உலகத்தையே மறந்து, பத்தாவது நிமிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்பார்கள். கேட்பது இவரிடம்தான்.

இவர் அந்தக் கடலுக்கு எலக்ட்ரீஷியன். வயது ஐம்பத்து மூன்று. இருபது வருடம் ஐஸ் கிடங்கில் ஒயர் பிடித்த கை. குளிரில் நின்று நின்று இரண்டு முட்டியும் போய்விட்டன. ஏணியில் ஏறும்போது வலது முட்டி ஒரு சத்தம் போடும், இறங்கும்போது இடது முட்டி பதில் சொல்லும்.

கடலைச் செய்த ஓவியர் அம்மாவுக்கு ஒரு கொள்கை உண்டு. இயற்கையைக் காட்டுகிறேன் என்று இயற்கையையே தின்னக் கூடாது. அதனால் கடலுக்கு ஒரு நாளைக்கு அறுபது யூனிட் கரண்ட்தான். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஆள் உயர எண்ணில் மீட்டர் தெரியும். காலை பத்து மணிக்கு அறுபது. இறங்கி இறங்கிப் பூஜ்யம் வந்தால் கடல் தானாக அணைந்துவிடும், பிறகு மறுநாள்தான். சாதாரண நாளில் சாயங்காலம் ஐந்தரை வரை தாங்கும். இந்தக் கொள்கையை விளக்க அந்த அம்மா எட்டு மாதத்தில் நான்கு தடவை விமானத்தில் வந்து போனார். ஏசி மீட்டரில் சேராது, அது கட்டடத்தின் தலைவலி. இவர் இதையெல்லாம் கேட்கவில்லை. ஏணி ஏறவே மூச்சு போதவில்லை, கொள்கை பேச மூச்சுக்கு எங்கே போவது.

ஆனால் அந்த எண் இவரைப் பிடித்துக்கொண்டது. யாரும் பார்க்காத சுவரை மங்க வைப்பார். கதவைத் திறந்து போட்டுப் போகிறவர்கள் பின்னால் நொண்டிக்கொண்டே போய்ச் சாத்துவார். கூட வேலை செய்கிறவர்கள் 'மீட்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வியாதி வீட்டுக்கும் வந்தது. ஆஸ்பத்திரி லாண்டரியில் எட்டு மணி நேரம் நின்றபடி பெட்ஷீட் தேய்த்துவிட்டு வந்து படுக்கும் மனைவி தூங்கிவிட்டாள் என்று தெரிந்தால், நைசாக எழுந்து ஃபேனை நிறுத்துவார்.

"என்னங்க, வேர்க்குது."

"தூங்குறவளுக்கு எதுக்கு ஃபேனு?"

"அப்ப செத்தவளுக்குப் போடுவீங்களா?"

இப்படியே ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் மஞ்சள் ஒயர் வந்து விழுந்தது. கண்காட்சி தொடங்கிய மறு மாதம் ஒரு பெரிய மனிதர் பார்க்க வந்தார். மீட்டரில் மூன்றுதான் மிச்சம். மேனேஜர் சொன்னார் என்று இவர் ஆபீஸ் லைனிலிருந்து ஒரு மஞ்சள் ஒயரை இழுத்துக் கடலுக்குக் கொடுத்தார். மீட்டர் மூன்றிலேயே நின்றது. கடல் ஒரு மணி நேரம் ஜோராக ஓடியது. பெரிய மனிதர் சிக்கனத்தைப் பாராட்டிவிட்டுப் போனார். இதை வீட்டில் வந்து வேடிக்கை மாதிரி சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"ஊருக்கு ஓசியில கடல் ஓட்டிட்டு, வீட்டுல வந்து என் ஃபேனைத்தான் நிறுத்துவீங்களா?"

இவர் அந்த ஒயரை இனி தொடுவதில்லை என்று அப்போதே சொன்னார். ஃபேனை நிறுத்துவதை மட்டும் விடவில்லை, கை பழகிவிட்டது.

அவள் அந்தக் கடலை ஒருநாளும் பார்த்ததில்லை. இவருக்கு விடுமுறை என்றால் அவளுக்கு ஷிப்ட், அவளுக்கு விடுமுறை என்றால் இவருக்கு வேலை. எட்டு மாதம் இப்படியே போய், கடைசி நாளும் வந்துவிட்டது. நாளைக் காலை புரொஜெக்டர்கள் பெட்டிக்குள் போகும். அவளுக்கு மூன்று மணிக்கு ஷிப்ட் முடியும், நான்கு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றிருந்தாள். இவர் ஊழியர் பாஸ் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அது இருக்கிறதா என்று காலையிலிருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் என்றால் விழா இல்லாமலா? டிவிக்காரர்கள் பெரிய பெரிய விளக்கோடு வந்தார்கள். விருந்தாளிகளுக்குக் காபி மெஷின் வந்தது. எல்லாவற்றையும் கண்ணுக்குப் பட்ட பிளக்கில் செருகினார்கள், எல்லாம் கடலின் லைன். சிக்கனத்தைப் பற்றி நான்கு பேர் பேசி முடிப்பதற்குள் சிக்கனம் பாதி காலி. ஒரு மணிக்குப் பார்த்தால் மீட்டரில் பதினெட்டு. இன்னும் நான்கரை மணி நேரம் ஓட வேண்டிய கடல், இரண்டே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அவள் வரும்போது இருட்டுதான் இருக்கும்.

இவர் போய்க் காபி மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார்.

"யாருப்பா பிடுங்கினது? பால் ஆறிப்போச்சு."

"ஷார்ட் ஆகுது சார்."

பிறகு வேலையை ஆரம்பித்தார். கூரையில் ஓடும் நான்கு புரொஜெக்டர்களை நிறுத்தினார். ஜனங்கள் கிழக்குச் சுவரைப் பார்த்தால் மேற்குச் சுவரை அணைத்தார். அவர்கள் திரும்பினால் ஓடிப்போய் அதைப் போட்டு இதை அணைத்தார். ஓடி என்றால் இவர் ஓட்டம் தெரியுமே, எருமை வெயிலில் நடக்கிற வேகம். ஏழு தடவை ஏணி ஏறினார். முட்டிகள் பேசிக்கொண்டே இருந்தன.

மூன்றரைக்கு மேனேஜர் வந்தார்.

"நாலு மணி பேட்ச்சு நாப்பது பேரு இருக்காங்க. எத்தன இருக்கு?"

"நாலு."

"தாங்காது. அந்த மஞ்சள் ஒயரைப் போட்டுடு. கடைசி நாள்ல எவன் வந்து பார்க்கப் போறான்?"

போட்டால் பிரச்சனை அத்தோடு தீர்ந்தது. ஆறு மணி வரைகூட ஓட்டலாம். ஆனால் அவள் உள்ளே வந்ததும் மீன் எங்கே, அலை எங்கே என்றா கேட்பாள்? அந்த ஒயர் எங்கே என்றுதான் கேட்பாள்.

"அந்த ஒயரை எலி கடிச்சிடுச்சு சார்."

"எலியா?"

"பெரிய எலி."

மேனேஜர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். எலியின் வலது முட்டி ஒரு சத்தம் போட்டது.

நான்கு மணிக்கு நாற்பது பேர் உள்ளே வந்தார்கள். அவள் வரவில்லை. மீட்டரில் இரண்டு. நான்கு ஐந்துக்கு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். வாட்ச்மேன் உதட்டைப் பிதுக்கினார். நான்கு பத்துக்குத் திரும்பி உள்ளே வந்தபோது மீட்டர் ஒன்றைத் தொட்டது. முழுக் கடலுக்கு ஒரு யூனிட் என்றால் ஏழரை நிமிடம்.

இவர் சுவிட்ச் போர்டு முன்னால் ஒரு மூச்சு நின்றார். பிறகு மொத்தத்தையும் அணைத்தார். புரொஜெக்டரை மூடும் கறுப்புத் துணியை எடுத்து, கம்பால் தூக்கி, மீட்டரின் மேல் போட்டுவிட்டார்.

இருட்டில் நாற்பது பேரும் சலசலத்தார்கள். அவசர விளக்கைப் போட்டதும் ஒருவர் எழுந்து வந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"கடல் முடிஞ்சிடுச்சு சார்."

"கடல் எப்படிப்பா முடியும்?"

"அளவுதான் சார். போர்டுல எழுதியிருக்கு."

கதவுக்குப் பக்கத்தில் அந்த அறுபது யூனிட் கொள்கையை எழுதி மாட்டியிருந்த போர்டை எல்லோரும் படித்தார்கள். படித்ததும் சண்டை போட முடியாமல் போய்விட்டது, நல்ல விஷயமாக எழுதியிருந்ததால். ஒரு அம்மா மட்டும் தன் மகளிடம், "மீனுக்குத் தூக்கம் வந்திடுச்சுடி" என்று சொல்லி அழைத்துப் போனார். அந்தப் பெண் வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இவர் மீட்டருக்குப் போட்ட துணியைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்கரைக்கு மேனேஜர் ஏசியை நிறுத்திவிட்டுக் கிளம்பினார். மண்டபம் மெல்லச் சூடேற ஆரம்பித்தது. வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன மீட்டரு, மீட்டருக்கே முக்காடு போட்டிருக்க?"

"தூசி படுது."

"நாளைக்குக் கழட்டப் போற சாமானுக்கா?"

"நீ கேட்டைப் பாருய்யா."

அவள் வரும்போது ஐந்தேகால். அடுத்த ஷிப்ட் ஆள் வராததால் நிறுத்தி வைத்துவிட்டார்களாம். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கி, வாரின் தடம் பதிந்து கிடந்தது. கஞ்சியும் சோப்பும் கலந்த வாடை அவளோடு உள்ளே வந்தது. இவர் சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்து நீட்டினார். வாங்கிப் பார்த்துவிட்டு இருட்டைப் பார்த்தாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"உக்காரு."

போட்டார். நான்கு சுவரிலும் அலை எழுந்தது. கூரையில் வெளிச்சம் நெளிந்தது. ஒரு மீன் கூட்டம் அவள் வீங்கின பாதத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள், பிறகு கூச்சப்பட்டு நீட்டினாள். கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று முகம் மாறியது.

"மஞ்சள் ஒயரா?"

இவர் நொண்டிக்கொண்டே போய்த் துணியை இழுத்துக் கீழே போட்டார். மீட்டரில் பூஜ்யம் புள்ளி எட்டு.

"மிச்சம் பிடிச்சது."

"யாருகிட்டேர்ந்து?"

"நாப்பது பேருகிட்டேர்ந்து. ஆளுக்குப் பத்துப் பதினோரு செகண்டு வரும்."

"திருடன்" என்றாள் அவள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த மீட்டரைப் பற்றிப் பேசும்போது சிரித்தாள். தரையில் மல்லாந்து படுத்தாள். "நல்லா இருக்குங்க. நீலமா... நீங்க சொன்னதைவிட..." வாக்கியம் முடியவில்லை. தூங்கிப்போனாள்.

இவர் பக்கத்தில் நின்று பார்த்தார். எழுப்பலாமா என்று ஒரு நினைப்பு. எட்டு மாதம் காத்திருந்தது இந்த நான்கு நிமிடத்துக்கா? மீட்டர் புள்ளி ஐந்தானது, புள்ளி நான்கானது. அவள் நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

கடலை அணைத்தார். மூலையில் கிடந்த டேபிள் ஃபேனைத் தூக்கி வந்தார், ஒயரைக் கடலின் பிளக்கில் செருகினார், காற்று அவள் முகத்துக்கும் பாதத்துக்கும் படுகிற மாதிரி திருப்பி வைத்தார். பிறகு சுவரில் சாய்ந்து, இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டு, எண்ணைப் பார்த்தபடி கீழே உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. புள்ளி நான்கு அப்படியே நின்றது.

"போட்டீங்களா?" என்றாள் அவள் கண்ணைத் திறக்காமல்.

"போட்டிருக்கேன். தூங்கு."