களைப்பறியாத பொடி

பத்தாண்டுகளாகத் தினக்கூலி. 2006 ஜூலையிலும் ஞானதாஸ் தினக்கூலிதான். குடுவையை மூன்றாவது முறை கழுவி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறார். கறை தெரிந்தால் நான்காவது முறை. உத்திரமேரூரை அடுத்த அந்தத் தனியார் பொறியியல் கல்லூரியின் வேதியியல் கூடத்தில் ஈகூடக் கால் துடைத்துவிட்டுத்தான் உட்காரும் என்பார்கள்.

விடுதியிலிருந்து முட்டை ஓடுகளை மூட்டையாகச் சுமந்து வருவதும் அவர்தான்.

"இன்னா நைனா, முட்டைய பசங்க துன்றாங்கோ, ஓட்ட நீ துன்றியா?" என்பார் சமையல்காரர் அசீம்.

"ஓடு இல்ல பாய், டீசலு."

ஓட்டை உலையில் சுட்டுப் பொடித்து, புங்க எண்ணெயோடும் மெத்தனாலோடும் சூடாக்கினால் எண்ணெய் டீசலாகும். பொடியை வடிகட்டி எடுத்து மறுபடி போடலாம். பேராசிரியர் வசந்த்குமாரின் புகழே இந்த 'மறுபடி'யில்தான் இருந்தது.

பேராசிரியர் உள்ளே வருவதில்லை; வாடை ஆகாது. வாசலில் நின்று "எவ்வளவு?" என்பார். "தொண்ணூத்தாறு சார்" என்று பதில் போகும். நூற்றில் அத்தனை பங்கு எண்ணெய் டீசலாகிவிட்டது. முதல் தடவையும் தொண்ணூற்றாறு, பன்னிரண்டாம் தடவையும் தொண்ணூற்றாறு. களைப்பே அறியாத பொடி என்று மூன்று ஊர்க் கருத்தரங்குகளில் பேராசிரியர் உருகினார்.

நிதி தரும் குழு வருகிற நாளும் வந்தது. திட்டம் நீண்டால் ஞானதாஸுக்கு நிரந்தர வேலை. ஆணையில் தன் பெயர் தட்டச்சாகியிருப்பதைக் காலையில்தான் அலுவலகத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். குழு முன்கூட்டியே கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: பன்னிரண்டு தடவை உழைத்த பொடியில் ஒரு குப்பி, தங்கள் கூடத்தில் சோதிக்க.

"அந்தப் பொடி எங்கய்யா?" என்று பேராசிரியர் அன்று உள்ளேயே வந்துவிட்டார்.

"கொட்டிட்டேன் சார்."

"எப்போ?"

"அன்னன்னிக்கே. ஒரு தபா போட்டாலே பழுப்பாயி நாறிப்பூடுது. அந்த அயுக்க போயி மறுபடி போடுவாங்களா? ஒவ்வொரு தபாவும் புச்சுதான் போட்டேன்."

பேராசிரியர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"யாரு கேட்டாங்கோ?"

ஆராய்ச்சி மூளை உடனே விழித்துக்கொண்டது. "இன்னிக்கு வடிகட்டின பொடி இருக்கில்ல? எண்ணெய் ஊத்தி இன்னும் நல்லா அழுக்காக்கு. பன்னிரண்டுன்னு எழுதி ஒட்டு. உன் வேலைக்காகத்தான் சொல்றேன்."

"அயுக்காக்க எனக்குக் கை வராது சார்."

"வரும்" என்று சொல்லிவிட்டு, பேராசிரியர் டை கட்டிக்கொள்ளப் போனார்.

ஞானதாஸ் பொடியைக் குப்பியில் அள்ளினார். வாய்ப்புறம் ஒட்டிய துகளைத் துண்டால் துடைத்தார். சீட்டை எடுத்து, பேனாவை உதறி, கொட்டை எழுத்தில் 'ஒரு தடவை' என்று எழுதி ஒட்டினார்.

பத்தரைக்குக் குழுவின் ஜீப் வந்து நின்றது.