ஹீட்டர் மோட்டார் மாற்றிய நாள்

ஒர்க்ஷாப்பில் அவருக்கு வைத்திருந்த பெயர் நிதானம். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வண்டியைக் கொண்டுவந்தவர்கள் வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருக்க, இவர் ஒரு போல்ட்டைக் கழற்றித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். அடுத்த தடவை வண்டி மக்கர் பண்ணும்போது, "நிதானம் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள்.

வாழ்நாளில் பாதிக்கு மேல் பெட்ரோல் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர் அவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மின்சாரக் கார்களுக்கான பயிற்சி வகுப்புக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். கூட வேலை பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா? "இந்த வயசுல ஷாக் அடிச்சுச் சாகணுமா?" என்று கேட்டார்கள். "அடிச்சா ஒரு தடவைதானே அடிக்கும். நீங்க தினமும் அடிக்கிறீங்களே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச காலத்தில் பழைய மின்சாரக் கார் ஒன்றைத் தனக்கே வாங்கினார். சின்னது, நீல நிறம். அவர் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வர்றதும் தெரியல, போறதும் தெரியல. அப்படியே உங்களை மாதிரி இருக்கு," என்றாள்.

அவள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு தையல் கடை வைத்திருந்தாள். புதுத்துணி தைப்பதில்லை. நீளம் குறைப்பது, தளர்ந்ததைப் பிடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்த இடம் தெரியாமல் ஒட்டுப்போடுவது, இவைதான் வேலை. கிழிசல் எங்கே இருந்தது என்று துணிக்குச் சொந்தக்காரரே தேடிப் பார்த்துத் தோற்றுப்போவார். கை அவ்வளவு சுத்தம். பிள்ளைகுட்டி இல்லை. அந்த வருத்தத்தை அவருக்குத் தெரியாமல் அவளும், அவளுக்குத் தெரியாமல் அவரும் மூடி மூடி வைத்தே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் அப்படி மூடி வைக்கும் பழக்கம் ஒரு வீட்டில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது என்பதை இருவரும் யோசிக்கவில்லை.

கோடை முடியும் நேரத்தில் அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முடி கொட்டலாம், சிலருக்குக் கொட்டாமலும் இருக்கலாம், தயாராக இருங்கள் என்றார் டாக்டர். நிதானம் அதில் கொட்டாமலும் இருக்கலாம் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது ஊசி போட்ட பிறகு ஒருநாள் பயந்து பயந்து கேட்டார்.

"முடி... கொட்டுதா?"

"அதெல்லாம் ஒண்ணும் கொட்டல. போய் வேலையைப் பாருங்க."

அவ்வளவுதான். மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. குளிருக்காக அவள் எந்நேரமும் தலையில் துணி கட்டியிருந்தாள். அந்தத் துணியின் ஓரத்தில், நெற்றிமேல் ஒரு கொத்து முடி எப்போதும் எட்டிப் பார்க்கும். காலையில் எழுந்ததும் அவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். மருந்துவாடை தனக்கே குமட்டுகிறது என்று அவள் அடுத்த அறையில் படுக்கத் தொடங்கியதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒர்க்ஷாப்பில் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "முடிகூட கொட்டல. மருந்து அவளுக்கு நல்லா ஒத்துக்கிச்சு," என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். முடி இருந்தால் அவள் இருப்பாள் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. இவராகப் போட்ட கணக்கு.

குளிர் கடுமையான வாரத்தில் காரின் ஹீட்டர் விசிறி ஊளையிட ஆரம்பித்தது. ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் அது அடியோடு நின்றுபோனது. இந்தக் கார்களில் விசிறி சுற்றாவிட்டால் ஹீட்டர் தானே அணைந்துவிடும். வீடு வருவதற்குள் கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் மங்கிவிட்டது. மருந்தின் பாதிப்பால் குளிர் பட்டாலே அவளுக்கு விரல்நுனியெல்லாம் ஊசி குத்துவதுபோல் இருக்கும். கையைக் கக்கத்தில் ஒடுக்கிக்கொண்டே வந்தாள். அடுத்த ஊசிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள்தான் புது மோட்டார் வந்து சேர்ந்தது.

அன்று மதியம் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, தன் காரை உள்ளே ஏற்றினார். காரை அணைத்து, சாவியைத் தூரக் கொண்டுபோய் வைத்து, சின்ன பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். ஆளைக் கொல்லும் மின்சாரம் ஓடும் ஆரஞ்சு வயர்களின் பக்கம் கை போக வேண்டிய வேலை இல்லைதான், இருந்தாலும் வழக்கப்படி கொஞ்சம் பொறுத்திருந்தார். அவள் உட்காரும் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, டாஷ்போர்டில் இருந்த பெட்டியைக் கழற்றி வெளியே வைத்தார். பிறகு கால்கள் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அவள் கால் வைக்கும் இடத்தில் தலையை வைத்து மல்லாந்து படுத்தார். விசிறி மோட்டார் அதற்கு நேர்மேலே இருக்கிறது. மூன்று ஸ்க்ரூ, ஒரு பிளக். நிதானத்துக்கே அது நிதானமாகச் செய்யும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை.

மோட்டார் கைக்கு வந்தது. அதன் தலையில் இருந்த காற்றாடிச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. திருப்பிப் பார்த்தார். சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே, அச்சு முழுக்க, நூல்கண்டுபோல் ஏதோ இறுகச் சுற்றியிருந்தது. பாதி கறுப்பு, பாதி நரை, நுனியில் பழைய சாயத்தின் செம்பட்டை.

அது யாருடைய முடி என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படுத்த வாக்கிலேயே கிடந்தார். முதலில் மூளை மெக்கானிக்காகத்தான் வேலை செய்தது. இவ்வளவு முடி இங்கே எப்படி வந்தது? விசிறிக்கு முன்னால் ஃபில்டர் இருக்குமே, என்று நினைத்தபோதே மனதில் பொறி தட்டியது. ஃபில்டரை எடுத்ததே அவர்தான். முதல் ஊசிக்குப் போன அன்று, காற்று இன்னும் வேகமாக வந்தால் அவளுக்கு இதமாக இருக்குமே என்று அதை உருவி வீசியிருந்தார். ஃபில்டர் இல்லாமல் ஓட்டுகிற வாடிக்கையாளர்களை உண்டு இல்லை என்று ஆக்குகிற மனிதர். காருக்குள் இருக்கும் காற்றை இழுக்கிற வாய் அவள் காலடியில்தான் இருக்கிறது. கீழே விழுந்ததையெல்லாம் அது உள்ளே இழுத்திருக்கிறது.

ஆனால் கீழே விழுந்தது எப்படி? ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுக்க அவர் வரிசையில் போய் நிற்பார். வரிசை நகர நேரமாகும். அதுவரை அவள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காரிலேயே இருப்பாள். அந்த நேரத்தில்தான் தலைத்துணியை அவிழ்த்துச் சீவியிருக்கிறாள். வீட்டில் சீவினால் இவர் கண்ணில் படுமே.

"என்ன மாமா, தூங்கிட்டீங்களா? உங்க வேகத்துக்கு இது அதிகம்," என்று கிண்டலோடு வந்தான் மச்சான், அவளுடைய தம்பி. அதே ஒர்க்ஷாப்பில் டயர் பிரிவில் இருப்பவன். குனிந்தவன் அவர் கையில் இருந்ததைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"உனக்குத் தெரியுமா?"

அவன் நிமிர்ந்து டயர் பிரிவுப் பக்கம் பார்த்தான்.

"டேய், உன்னைத்தான் கேக்குறேன். தெரியுமா?"

"தெரியும் மாமா."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"கடையில கூட இருக்கிற பொண்ணுக்கு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு. எல்லாருக்கும்தான்... உங்களுக்கு மட்டும்தான் சொல்லல."

"நெத்தியில முடி இருக்கே. நான் தினமும் பாக்குறேனேடா."

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அது துணியோட சேர்த்துத் தச்சது மாமா. கொட்டினதை எடுத்து அக்காவே தச்சாங்க. நீங்க காலையில எழுந்ததும் அதைத்தான் பாக்குறீங்கன்னு சொன்னாங்க."

அவருக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஊரே சேர்ந்து தன்னை முட்டாளாக்கிவிட்டது என்று தோன்றியது. பக்கத்தில் கிடந்த ஸ்பானரை எடுத்துத் தரையில் வீசினார். அவர் வேலை செய்யும் இடத்தில் சாமான் விழுந்த சத்தத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். கோபம் வந்த வேகத்திலேயே வடிந்தும் போனது. உடம்பில் மருந்து ஓடிக்கொண்டிருக்க, விரல்நுனி குத்திக்கொண்டிருக்க, அந்த விரல்களால் ஊசி பிடித்து ஒவ்வொரு முடியாகத் தைத்திருக்கிறாள். யாருக்காக? நோய் அவளுக்கு. தைரியம் சொல்ல வேண்டியவர் இவர். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. முடி போய்விட்டதே, இனி எதைப் பிடித்துக்கொள்வது?

"நீ போ. நான் மாட்டிட்டு வர்றேன்," என்றார்.

பிளேடால் முடியை மெதுவாக அறுத்து எடுத்து, சுத்தமான காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பழைய மோட்டார் குப்பைக்குப் போனது. புதியதை ஏற்றி, ஸ்க்ரூக்களை முடுக்கி, பிளக்கைச் சொருகினார். புது ஃபில்டரையும் போட்டார். பேட்டரியை இணைத்து, விசிறியை ஒவ்வொரு வேகமாகக் கூட்டி, அவள் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். காற்று சத்தமில்லாமல் வந்தது, கொஞ்ச நேரத்தில் சூடாகவும் வந்தது. அங்கே உட்கார்ந்தே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கண்ணாடி வழியாகத் தெரியும் என்று தெரிந்தும் அழுதார்.

அன்று மாலை வீட்டில் அவர் வாயைத் திறக்கவில்லை. சொல்லப்போனால் அவளை இன்னும் நன்றாக ஏமாற்ற அவருக்கு ஒரு வழி இருந்தது. தூசி அடைத்து மோட்டார் எரிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அவள் நம்பிவிடுவாள், அவள் தைத்த கொத்தை இவரும் நம்புகிறமாதிரி தினமும் பார்க்கலாம். காலையில் காரை எடுக்கும்போதும் அதுதான் அவர் முடிவாக இருந்தது.

ஆஸ்பத்திரி வரும்வரை அவள் கைகளைக் காற்றுக்கு நேராக நீட்டிக்கொண்டே வந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. காரை நிறுத்தியதும், "டோக்கனுக்குப் போகலையா? வரிசை நீண்டுடும்," என்றாள்.

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"என்னங்க, என்ன போச்சு அந்த மோட்டார்ல?"

தூசி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"உன் முடி," என்றார்.

அவள் கை தானாக நெற்றிக்குப் போய், அந்தக் கொத்தைத் தொட்டு, பிறகு மடியில் இறங்கியது. அவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். பிரித்துப் பார்த்தாள்.

"இவ்வளவா? முன்னாடியே கிடைச்சிருந்தா இன்னொரு கொத்து தச்சிருப்பேன்," என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "நீங்க போற இடமெல்லாம் சொல்லிட்டிருந்தீங்க. கேக்கக் கேக்க எனக்குச் சொல்ல வாய் வரல."

"பயத்துலதான் சொன்னேன். சொல்லிட்டே இருந்தா நிஜமாயிடும்னு நெனச்சேன்."

"எனக்கும் பயமா இருக்குங்க," என்றாள் அவள். "ரொம்பப் பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல."

ஒண்ணும் ஆகாது என்ற வார்த்தை அவர் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டார். அவள் பக்கம் திரும்பி, "அதைக் கழட்டிடு," என்றார். "குளிராது. நான் சரி பண்ணிட்டேன்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு பின்கழுத்து முடிச்சை அவிழ்த்து, துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அந்தத் தலையை அவர் அதுவரை பார்த்ததில்லை. சின்னதாக, வெளிறிப்போய் இருந்தது. காதோரம் நாலைந்து முடி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கையை வைத்தார். சூடாக இருந்தது. அவள் அந்தக் கையிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

வரிசை நீண்டுவிட்டது. போகட்டும் என்று இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். சீட்டில் கிடந்த துணியை எடுக்க அவள் குனிந்தபோது, "இரு," என்று தடுத்து, தன் தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் மாட்டிவிட்டார். அது பெரிதாகி, காதை மூடிக்கொண்டு புருவம்வரை இறங்கியது.

"கிரீஸ் நாத்தம் அடிக்குது," என்று மூக்கைச் சுளித்தாள். ஆனால் கழற்றவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.