புகையில்லாத தெரு

உல்கானுக்குப் பயம் புதிதில்லை. நாரின் மலையில் ஒரே பனிக்காலத்தில் ஆடுகளெல்லாம் செத்து விழுந்த பிறகு கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் ஓரத்துக்கு வந்தாள். பத்திரமில்லாத மனையில் மண்கல் வீடு கட்டிய நாள் முதல் ஏதாவது ஒரு பயம் கூடவே இருந்தது. வீட்டை இடித்துவிடுவார்களோ, ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன புருஷன் திரும்பாமலே இருந்துவிடுவானோ என்று பயந்தாள். இந்த வருஷம் புதிதாக ஒன்று: கூரையில் கறுப்புப் புகை கண்டால் நகராட்சிக்காரர்கள் வந்து அடுப்புக்குச் சீல் வைப்பார்களாம்!

நகரத்துக் காற்று கெட்டுவிட்டதாம். கெட்டதுதான், யார் இல்லை என்றார்கள்? நிலக்கரி வாங்க வக்கில்லாமல் தையலில் மிஞ்சும் துண்டுத்துணியை எரித்தால் கறுப்புப் புகைதான் வரும். மாற்றாக மின்சார ஹீட்டர் இலவசம் என்றார்கள், வீட்டுப் பத்திரம் உள்ளவர்களுக்கு மட்டும். மகராசர்கள்! பத்திரம் வைத்திருக்கிறவன் துணியை ஏன் எரிக்கிறான்?

அன்று காலை மைனஸ் இருபது டிகிரி. ஆறு வயது மகள் அய்சாடா காய்ச்சலோடு அடுப்போரம் தூங்கினாள். உல்கான் தைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு கனிஷாய் போன் செய்தாள்.

"அக்கா, வண்டி வந்துருச்சு! மூடுங்க!"

"கடங்காரப் பசங்க, காலங்காத்தாலயேவா!"

புகைபோக்கித் தகட்டை இழுத்து அடைத்தாள். தெருவில் எல்லோருக்கும் இதே பழக்கம்தான். பத்து நிமிஷம் புகை காட்டாமலிருந்தால் வண்டி போய்விடும். முற்றத்துக் கதவிடுக்கில் கண்ணை வைத்து நின்றாள். அரை மணியாயிற்று. வண்டியில் வந்த அதிகாரி தெருவிலேயே நின்றான்.

உள்ளே போனதும் தலை சுற்றியது. அய்சாடாவைக் கூப்பிட்டாள், உலுக்கினாள். குழந்தை துவண்டு கிடந்தது.

அப்புறம் சீலாவது மண்ணாவது! வாரியெடுத்துக்கொண்டு அந்த அதிகாரியிடமே ஓடினாள்.

"அய்யா, எம் பொண்ணு மூச்சே விடலய்யா!"

அவன் குழந்தையைப் பனியில் கிடத்தி வாயில் ஊதினான். மூன்றாவது தரம் அய்சாடா இருமி, வாந்தியெடுத்து, அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் உல்கானுக்குப் போன உயிர் வந்தது.

"ஏம்மா, எரியிற அடுப்புல தகட்ட மூடுனா வெஷப்புகை வீட்டுக்குள்ளதான நிக்கும்? அறிவில்ல?"

"அறிவெல்லாம் இருக்கு. உங்களுக்குப் பயந்துதான்யா மூடுனேன். தெருவே மூடியிருக்கு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தான். நாற்பது வீடுகள். அந்தக் குளிரில் ஒரு கூரையிலும் புகையில்லை.

"எத்தன வீட்ல பிள்ளைங்க இருக்கு?"

"எல்லா வீட்லயும்."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் கனிஷாயின் கதவைத்தான் முதலில் தட்டினாள். உள்ளேயிருந்து சத்தமில்லை. அதிகாரி தோளைக் கொடுத்துக் கதவை இடித்தான்.