பாதை யாருக்காக நிற்கிறது

மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவைக்கு இங்கே பாதை என்று பெயர். மதிய வெயிலில் அதில் ஏறி நெடுநேரமாக நிற்கிறேன். மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடிக்கின்றன. பாதை புறப்படுவதாக இல்லை. அடுத்த மாதம் அக்கரைப் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர வேண்டும். அங்கே குடியிருக்க ஒரு வீடு பார்க்கத்தான் இன்று போகிறேன்.

“ஏன் இன்னும் எடுக்கல்ல?” என்று பக்கத்தில் இறால் கூடையோடு இருக்கும் அக்காவிடம் எரிந்து விழுகிறேன்.

“கிளினிக்குக்குப் போன பிள்ளைத்தாச்சி ஒராள் வரணும். அவவ விட்டுட்டு எப்பிடிப் போற?”

இந்த ஊரில் எப்படிக் காலம் தள்ளப்போகிறேனோ தெரியவில்லை. அந்தப் பெண் இடுப்பைப் பிடித்தபடி மெல்ல வந்து ஏறிய பிறகுதான் எஞ்சின் உறுமுகிறது. கரை சேர்வதற்குள் நான் டீச்சர் என்பதையும் வீடு பார்க்கப் போவதையும் அக்கா கேட்டு வாங்கிவிடுகிறார்.

வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், ஆனால் கூரை ஒழுகும் போலிருக்கிறது. முடிவு சொல்லாமல் திரும்புகிறேன். அதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. கடைசிப் பாதை போயிருக்கும் என்ற பயத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடுகிறேன்.

பாதை கரையிலேயே நிற்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவர் ஹோர்னை அடித்துக் கத்துகிறார்:

“இன்னும் ஆருக்கு நிக்கிற?”

காலிக் கூடையை மடியில் வைத்திருக்கும் அந்த அக்கா, ஓடிவரும் என்னைக் கைநீட்டிக் காட்டுகிறார்.

“நம்மட டீச்சருக்கு.”