கடுகுக் கப்பலின் காற்றறை

என் மனைவி இளமதி ஒரு விண்கப்பலின் உட்புறத்தை மட்டும் கட்டினாள். வெளியே அது எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. இணையத்தில் காதால் மட்டும் கேட்கிற தொடர் நாடகம் ஒன்றில் வருகிற கப்பல் அது. கதையும் வலையேற்றமும் அவளுடைய பள்ளித் தோழி வைஷாலி. ஒலிகள் முழுக்க இளமதி. கப்பலின் பெயர் கடுகு. உள்ளே முட்டி இடிக்காமல் யாரும் திரும்ப முடியாது.

"கண்ணுக்கே தெரியாத கப்பலுக்கு பிளான் எதுக்கு?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். சமையல் மூலையில் பேசுகிறவள் குரலும் படுக்கையில் கிடக்கிறவன் குரலும் ஒரே மாதிரி கேட்டால் அது கப்பலே இல்லையாம். வரைபடத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் எங்கள் வீட்டில் குப்பை கொட்டும் திறப்பின் இரும்பு மூடிச் சத்தம், கப்பலின் வாசல் கதவாயிற்று. ஜாலான் புசாரில் நான் வேலை பார்க்கும் இரும்புச் சாமான் கடையின் உருட்டுக் கதவு, சரக்கறையாயிற்று. எதிரொலி கூடாது என்று நடிகர்களைத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசச் சொன்னாள். நாடகம் முடிகிற வரை என் சட்டைகள் கட்டிலில் கிடந்தன.

கப்பல் முழுக்க மூச்சுக் காற்றை அனுப்பும் காற்றறைதான் பிடிபடவில்லை. கப்பலில் எங்கே நின்றாலும் சுவர் வழியே கேட்க வேண்டிய ஒலி அது. மின்விசிறி, ஏர்கான், எதை வைத்துப் பார்த்தாலும் கப்பலுக்கு உயிர் வரவில்லை. மாமா, அதாவது இளமதியின் அப்பா சேதுபதி, அப்போது நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு எங்களுடன் இருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் மூச்சைக் கேட்டு மகள் காதைத் தீட்டியதைப் பார்த்துவிட்டார்.

"எடுத்துக்கம்மா. கப்பலுக்கே காத்து குடுக்கிறது நான்தான்னு போட்டுடு லா."

வைஷாலிதான் மைக்கைப் பிடித்தாள். மாமா தூங்கும்போது ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், பிறகு மெல்ல விடும் மூச்சு. அதுவே கடுகின் காற்றாயிற்று. படுக்கை மூலையில் பக்கத்தில் கேட்கும், எந்திரத்தருகே தூரத்தில் கேட்கும்.

அடுத்த மாதமே மாமா போய்விட்டார். நாடகம் முடிந்த பிறகும் இளமதி தினமும் காலையில் ஹெட்ஃபோன் மாட்டி ஏதாவது ஒரு பகுதியைக் கேட்பாள். கதையை அவள் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். "அப்பா இருக்காரு" என்பாள். அந்தக் காலை நேரத்தில் நான் குறுக்கே போவதில்லை.

போன மாதம் வீட்டுக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் மெத்தை விளம்பரம். தொந்திக்காரர் ஒருவர் குறட்டை விடுகிறார், மனைவி தலையணையால் சாத்துகிறாள். பக்கத்து மேசையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிய்த்த பரோட்டாவோடு இளமதியின் கை அப்படியே நின்றது. அந்த இழுப்பு, அந்த நிறுத்தம். அது மாமாவின் மூச்சு என்று எனக்கும் அப்போது புரிந்தது.

மறுநாள் இளமதி கூப்பிட்டு வைஷாலி வீட்டுக்கு வந்தாள்.

"சாரி இளா. பழைய சவுண்ட் எல்லாத்தையும் மொத்தமா ஒரு சைட்ல விக்கப் போட்டேன். யாரு வாங்குவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அது உங்கப்பான்னு யாருக்கும் தெரியாது லா."

"உனக்குத் தெரியும்ல?"

"ஒவ்வொண்ணா எங்க பார்த்தேன்? இப்பவே டிலீட் பண்றேன், பாரு."

கைப்பேசியை எங்கள் முன்னால் திறந்தாள். அந்த ஒலிக்கு இளமதி வைத்திருந்த பெயர் 'அப்பா'. அங்கே 'கிழவர் குறட்டை, காமெடி' என்று இருந்தது. பார்க்காமலா பெயரை மாற்றினாள்? மண்டாயில் மாமாவைத் தகனம் செய்த அன்று என் மனைவியைத் தாங்கிப் பிடித்தவள் இவள். வாய்க்கு வந்தபடி திட்டினேன், இப்போது நினைத்தாலும் போதவில்லை. இளமதி வாசல் கதவைத் திறந்து பிடித்தாள். வைஷாலி தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

தளத்தில் நீக்கியாகிவிட்டது. விற்றது விற்றதுதானாம், விளம்பரம் இன்னும் ஓடுகிறது.

அடுத்த நாள் காலை இளமதி வழக்கம்போல ஹெட்ஃபோனை மாட்டினாள். கொஞ்ச நேரத்திலேயே கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"என்ன இளா?"

"அப்பா வரல ஷங்கர். அந்தத் தலகாணிதான் வருது."