கொடி இறங்காத படகு

நாங்கள் கோவளத்தில் மீன்பிடிக் குடும்பம். தொண்ணூறுகளில் என் கணவர் முதன்முதலாகச் சொந்தப் படகு வாங்கினார். புதுப் படகின் பாய்மர உச்சியில் மஞ்சள் கொடி கட்டி, உப்பங்கழிக்கு உள்ளே இருக்கும் கன்னியம்மன் கோயிலுக்குப் போவது எங்கள் ஊர் வழக்கம். கோயில் சேரும்வரை கொடி இறங்கக் கூடாது. ஆசையில் மரத்தை உயரமாக நட்டுவிட்டோம். நடுவில் முட்டுக்காட்டுப் பாலம் இருப்பதை யாருமே நினைக்கவில்லை.

பாலத்தடியில் மர உச்சி நாலு விரல் அளவுக்கு இடித்தது.

"இன்னா புள்ள, மரத்த சாய்ச்சிரட்டா?" என்றார் கணவர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "தாயே, பாலத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடேன்" என்று கும்பிட்டேன்.

கரையில் மீன் வாங்க வந்திருந்த பாய் ஒருவர் கத்தினார். "பாலம் ஏறலன்னா படக எறக்கு அண்ணாத்த! நாங்கல்லாம் இன்னாத்துக்குக் கீறோம்?"

சொன்னதோடு அவரே ஏறி உட்கார்ந்தார். வேடிக்கை பார்த்தவர்களும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். பாரத்தில் படகு அமிழ்ந்தது. பாலத்தை உரசிக்கொண்டே கொடி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஒரே கைதட்டல்!

கோயிலில் நான் வைத்த பொங்கல் ஆளுக்கு ஒரு வாய்தான் வந்தது. நான் கேட்டது பாலத்தைத் தூக்கச் சொல்லி. அம்மன் படகு நிறைய ஆட்களை அனுப்பினாள்.