மாப்பிள்ளையின் விலா எலும்பு

என் தங்கையின் வீட்டுக்காரர் தலைதீபாவளிக்கு அன்னூருக்கு வந்திருந்தார். மூன்று நாள் விருந்து. நான்காம் நாள் காலையில், பக்கத்துக் கரட்டுக் குன்றில் ஒரு குகை இருக்கிறதாமே, உள்ளே போய்ப் பார்க்கலாமா என்றார். யாரோ குகைக்குள் தவழ்வதைச் செல்போனில் பார்த்திருக்கிறார். எங்கள் இருவருக்கும் சேர்த்து இருந்த அனுபவம் அவ்வளவுதான். புது மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதை மறுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது. கிளம்பினோம்.

வாசலில் நிமிர்ந்து நடந்தோம். கொஞ்சதூரத்தில் பாதை சுருங்கி, தவழ வேண்டியதாயிற்று. நான் ஒல்லி, அவர் நல்ல பருமன். நான்தான் முன்னால் போயிருக்க வேண்டும். "நீங்க முன்னால போங்க மாப்ள" என்றேன். தலைதீபாவளி மாப்பிள்ளையைப் பின்னால் வரச் சொல்வது மரியாதையில்லை என்று அந்தப் பொந்துக்குள்ளும் எனக்குத் தோன்றியது. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

இருபதடி போவதற்குள் அவருடைய நெஞ்சு பாறை இடுக்கில் இறுகிவிட்டது. தலை அந்தப் பக்கம், கால்கள் என் முகத்துக்கு நேரே.

"மச்சான், மூச்சு முட்டுதுங்க!"

காலைப் பிடித்து இழுத்தேன். பயத்தில் உதைத்தார். ஷூ என் வாயில் இறங்கி, முன்பல் இரண்டும் உடைந்து நாக்கில் விழுந்தன. துப்பிவிட்டு மறுபடி பிடித்தேன். அடுத்த உதை மூக்கில்.

வெளியே தவழ்ந்து வந்து போன் செய்தேன். தீயணைப்பு வண்டி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் கத்துவது வாசல்வரை கேட்டுக்கொண்டே இருந்தது, ஆனால் வரவரச் சன்னமாக. வந்தவர்களில் அவர் காலோரமாக ஒடுங்கி நுழையும் உடம்பு யாருக்கும் இல்லை. அவர்களில் மூத்தவர் கயிற்று நுனியை என் கையில் கொடுத்தார்.

"ரெண்டு காலையும் இதுல கட்டுங்க. மூச்ச முழுசா வெளிய உட்டாத்தான் நெஞ்சு சுருங்குமுங்க. அப்பக் கொரல் குடுங்க, நாங்க இழுக்கறோம். இப்படியே கத்திட்டிருந்தா ஆளு தாங்காதுங்க."

மறுபடி உள்ளே போய்க் கட்டினேன். "மூச்ச உடுங்க மாப்ள" என்று கெஞ்சினேன். அவருக்குக் காதில் ஏறவில்லை. கத்துவதற்காகவே மூச்சை இழுத்து இழுத்து, இன்னும் இறுகினார். கல்யாணமாகி மூன்று மாதம்தான். தங்கையிடம் என்ன சொல்வேன்? அவர் காலோரமாக ஒடுங்கி முன்னேறிக் கையை நீட்டினேன், அவர் விலாவரை எட்டியது. முஷ்டியை மடக்கிக் குத்தினேன்.

"உடுடா மூச்ச!"

அதுவரை அவரை 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஹக்கென்று மூச்சு வெளியே போனது. "இழுங்க!" என்று அலறினேன். கயிறு விறைத்தது, நான்கு விரல் அளவு வந்தார். இன்னொரு குத்து, இன்னொரு இழுப்பு. பாறை அவர் தோலை உரித்தது. மூன்றாம் இழுப்பில் நெஞ்சு விடுபட்டு உடம்பு தானாகவே நகரத் தொடங்கியது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் குத்தினேன், இரண்டு முறை, உடம்பில் இருந்த பலம் அத்தனையும் சேர்த்து. என் வாயெல்லாம் ரத்தம். அவர்மேல் அத்தனை ஆத்திரம். முஷ்டிக்கடியில் எலும்பு முறிவது கைக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் விலா எலும்பு இரண்டு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். பாறை நெரித்ததா, கயிறு இழுத்ததா என்று டாக்டர் கேட்டார். மாப்பிள்ளை படுத்தபடியே என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மச்சான் குத்துனதுதானுங்க. அவரு குத்துலீன்னா நான் அங்கயே போயிருப்பேனுங்க."

தங்கை என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். குத்திய அதே கை. அவளிடம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பல் போன இடம் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, "பேசாதீங்கண்ணா" என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.